அப்பாவின் பழைய மாத்திரை

பெரம்பூரில் எங்கள் தெருமுனை டாக்டரிடம்தான் அப்பா 30 வருடமாகப் போகிறார். கைராசிக்காரர். தம்பிக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி 2 மணிக்கு வீடு தேடி வந்தவர்.

போன மாதம் விடிகாலையில் அப்பா வியர்த்துக்கொட்டி, பேச்சுக் குழறிக் கிடந்தார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தார். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு அது உடம்பில் தங்கி, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடுமாம். இப்போது அவர்களுக்கு அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். எங்கள் தெருமுனை டாக்டர் படித்த காலத்தில் அது நல்ல மருந்து. மாறியதை அவருக்கு யார் சொன்னார்கள்? ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்கிறது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. சரி, ஆனால் கருத்தரங்கில் உட்கார்ந்த கணக்கு, கிளினிக்கில் எழுதும் சீட்டைப் பார்க்காதே! பிரிட்டனில் டாக்டர்களுக்கு ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. நோயாளிகளிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். உரிமம் தொடரலாமா என்பது 2012 டிசம்பர் முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முடிவாகிறது. இங்கேயும் அது வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் தன் நோட்டைத் திறந்து, அதே மாத்திரை சாப்பிடும் மற்றவர்களின் பெயர்களைத் தேட ஆரம்பித்தார்.