சருகு தேடி அலைந்த பத்து மாதம்

2024 ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள், சும்மா ஒரு ஆசைக்குச் சமையலறைக் கழிவைத் தனியாக எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். 870 கிராம். மறுநாள் பலாப்பழம் அறுத்ததால் இரண்டே கால் கிலோ. வீட்டில் நான்கு பேர். ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்ததில் சராசரி நாளைக்கு ஒரு கிலோ. காய்த்தோல், பழத்தோல், காபித்தூள், கறிவேப்பிலைக் காம்பு, அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கு ஏன் வந்தது என்றால், நாங்கள் இருப்பது நங்கநல்லூர். தென்சென்னையின் குப்பை பல வருடமாக மலையாகக் குவிந்தது பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை. மக்கும் குப்பை காற்றுப் படாமல் அடியில் அமுங்கினால் மீத்தேன் உண்டாகும், அது சுலபமாகப் பற்றிக்கொள்ளும். அதில் நம் வீட்டு வெண்டைக்காய்க் காம்புக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. செயலில் இறங்க இரண்டு வருடம் ஆனது, அது வேறு கதை.

கழிவை மாடியிலேயே மக்கவைத்து உரமாக்கிவிடலாம் என்று முடிவு. பெயிண்டர் விட்டுப்போன 20 லிட்டர் வாளி மூன்று இருந்தது. கம்பியைக் காய்ச்சி அடியில் எட்டு, பக்கவாட்டில் சுற்றிலும் முப்பது முப்பத்தைந்து ஓட்டை போட்டேன். (காய்ச்சிய கம்பி வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் புகை தலைவலி. பிறகு டிரில் மெஷின் இரவல் வாங்கினேன்.) இரண்டு செங்கல் மேல் வாளி, கீழே ஒரு பழைய தட்டு. அம்மாவிடம் புளித்த மோர் ஒரு டம்ளர் வாங்கித் தெளித்தேன், நுண்ணுயிர் சீக்கிரம் பெருக. கழிவு ஒரு அடுக்கு, கிழித்த செய்தித்தாள் ஒரு அடுக்கு. மூடி போட்டாயிற்று. ரொம்பச் சுலபம் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, எங்கேயாவது எலி செத்துக் கிடக்கா?" என்றார்.

மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். செய்தித்தாள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றே போகாமல் அடைத்திருந்தது. தட்டில் கறுப்பாக ஒரு நீர். சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்கே கொடுத்தேன், வெட்கத்தோடு.

தப்பு எங்கே என்று படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. உரமாக்கும் நுண்ணுயிருக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், தண்ணீரோ இன்னும் அதிகம். கரிமம் இருப்பது காய்ந்த பொருளில். நடைமுறைக் கணக்கு: ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. நான் ஒரு மாதமாகக் கழிவையே பார்த்துக்கொண்டிருந்தேன், தேட வேண்டியது சருகை.

அப்புறம் ஆரம்பித்தது வேட்டை. சென்னையில் மரமே இல்லை என்று புலம்புகிறவர்கள் காலை ஆறரை மணிக்கு ஒரு பழைய தெருவில் நடந்து பார்க்கலாம். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா நாலு இடத்தில் குவித்து வைத்திருந்தார். கேட்டேன்.

"எதுக்கு தம்பி, கொளுத்தவா?"

"இல்லக்கா, உரத்துக்கு."

ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்துக்கோ. பாக்குக் கவர் நெறைய கிடக்கும், பொறுக்கிட்டுப் போடு." உண்மைதான். முதல் சாக்கில் பாக்குக் கவர் 41 எண்ணினேன். இரண்டாவது வாரத்திலிருந்து அவரே பொறுக்கிவிட்டு ஒரு சாக்கு கட்டி எங்கள் கேட் ஓரம் வைக்க ஆரம்பித்தார்.

சருகிலும் ஜாதி இருக்கிறது. புங்கை இலை முதல் தரம், மெல்லியது, கையில் கசக்கினாலே தூள். வேம்பும் நல்லது, ஆனால் ஈர்க்கு நீளமாகக் கிடந்து கடைசியில் சல்லடையில் சிக்கும். நாட்டுவாதாம் இலை சிவந்து விழும்போது அழகு, உரத்துக்கு எமன். தோல் மாதிரி. முழுதாகப் போட்டால் இரண்டு மாதம் கழித்தும் அப்படியே வருகிறது. அதைச் சாக்கில் கட்டி அதன்மேல் என் பையனைக் குதிக்க விட்டேன். அவனுக்கும் சந்தோஷம், இலையும் நொறுங்கியது.

சருகு வந்த பிறகு நாற்றம் நின்றது. மூன்றாம் நாள் உள்ளே கை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு. பெரிய குவியலாக இருந்தால் 55, 60 டிகிரி வரை போகுமாம், வாளியில் அவ்வளவு வராது. ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவேன். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு, பிழிந்ததும் உதிர்ந்தால் கொஞ்சம் அரிசி களைந்த தண்ணீர். நான்கு நாளுக்கு ஒருமுறை பழைய கரண்டியால் கிளறல்.

ஆகஸ்டில் புழு. அரை அங்குலம், பழுப்பு வெள்ளை, வாளி முழுக்க நெளிகிறது. அம்மா அன்று மாடிப்பக்கமே வரவில்லை. இது பிளாக் சோல்ஜர் ஃபிளை என்கிற ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் மொய்க்காது. புழுவோ அசுரத் தீனி. மாலையில் போட்ட பப்பாளித்தோல் காலையில் இல்லை. வளர்ந்து முடித்ததும் கறுத்து, தானாகவே ஓட்டை வழியாக வெளியேறி உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து போகும். அதற்காகவே இரண்டு மைனா தினமும் காலை ஏழு மணிக்குக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார ஆரம்பித்தன. இப்போது அம்மாதான் "உன் மைனா இன்னும் வரலியே" என்று கேட்கிறார்.

கணக்குக்கு வருகிறேன். வாளி நிரம்ப 16 நாள், ஏனென்றால் உள்ளே அமுங்கிக்கொண்டே போகும். நிரம்பியதை மூடி வைத்து மக்க 50 நாள். அதனால் மூன்று வாளி போதாது, ஐந்து வேண்டும். செப்டம்பர் கடைசியில் முதல் வாளியை மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தேன். 4 கிலோ 200 கிராம். கறுப்பு, ஈரம், முதல் மழை பெய்த மண் வாசனை. சல்லடையில் தங்கியவை: முட்டை ஓடு, மாங்கொட்டை, வேப்ப ஈர்க்கு, எங்கள் வீட்டில் பல நாளாகத் தேடிய ஒரு டீஸ்பூன்.

இடையில் வேறு சில்லறைச் சோதனைகளும் நடந்தன. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு என்று பாட்டிலில் ஊறவைத்துத் தரை துடைக்கும் திரவம் செய்தேன். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். ஊருக்குப் போன இரண்டு நாளில் பாட்டில் பொங்கி அலமாரி நாசம். தரைக்குப் பரவாயில்லை, எண்ணெய்ப் பிசுக்குக்கு உதவாது. பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல் ஒட்டியபடியே கிழிக்கப் பழகிவிட்டோம். அந்தத் துணுக்குதான் யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. கழுவிக் காயவைத்த பாக்கெட்டைப் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுக்கிறார். மாவுக்குத் தூக்குவாளி, கறிக்கு எவர்சில்வர் டப்பா. இதெல்லாம் எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம், சாதனை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். வாளிகளைப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிட்டேன், அதில் சாமர்த்தியம்தான். மொட்டைமாடியில் இருந்த ஏழு சாக்குச் சருகை மறந்துவிட்டேன். மழை விட்டுப் போய்ப் பார்த்தால் ஏழும் தண்ணீர் குடித்த பஞ்சுமூட்டை. அடுத்த மூன்று வாரம் தெருவிலும் காய்ந்த இலை இல்லை. தச்சுப்பட்டறையில் மரத்தூள் கேட்டேன், எல்லாம் பிளைவுட் தூள், பசை கலந்தது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று காசு கொடுத்து வாங்கினேன். தண்ணீர் ஊற்றாமல் அப்படியே உடைத்து உதிர்த்துப் போட்டால் ஈரத்தை நன்றாக இழுக்கிறது. ஆனாலும் ஒரு வாளி வீணாகிவிட்டது. மாமி இந்தமுறை எதுவும் கேட்கவில்லை, ஜன்னலை மட்டும் சாத்தினார்.

இப்போது பங்குனி. வேம்பும் புங்கையும் இலை கொட்டும் காலம், சருகுக்கு இதுதான் அறுவடை. ஒரு அரிசிச் சாக்குச் சருகு எனக்குப் பத்து நாள் வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு ஒன்பது சாக்கு தேவை. தார்ப்பாய் வாங்கி, தண்ணீர் தொட்டிக்கு அடியில் இடம் பிடித்திருக்கிறேன். அது அம்மா வடாம் காயவைக்கும் பலகை வைக்கிற இடம் என்பதால் பேச்சுவார்த்தை தொடர்கிறது. பெருக்கும் அக்கா போன வாரம் தன் வீட்டு ஜாதிமல்லிக்கு என்று இரண்டு கிலோ உரம் கேட்டு வாங்கிப் போனார். இதுவரை ஆறு சாக்கு சேர்ந்திருக்கிறது. நாளை ஞாயிறு. பள்ளிக்கூடத் தெருப் புங்கை இன்னும் கொட்டுகிறது, ஆறரைக்கு முன்னால் வந்துவிடச் சொல்லியிருக்கிறார் அக்கா.