காடா, வனாந்தரமா?

போன மாசம் ஒரு பத்திய தமிழ்ல மாத்திட்டு இருந்தேன். 1620ல மேஃப்ளவர் கப்பல்ல அமெரிக்கா போய் எறங்குன கூட்டத்துல ஒருத்தர், அப்புறம் அவங்க அங்க குடியேறுன பிளிமத்துங்கற ஊருக்கு ரொம்ப வருஷம் கவர்னரா இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதுனது. கரையப் பாத்தா மிருகமும் காட்டு மனுசங்களும் நெறஞ்ச பயங்கரமான 'வில்டர்னஸ்'தான் தெரிஞ்சுதுங்கறார். நான் யோசிக்காம 'ஆளரவமில்லாத காடு'ன்னு போட்டுட்டேன்.

காங்கேயம் பக்கம் அம்மிச்சி வீட்டுத் திண்ணைல உக்காந்துதான் இந்த வேலை. அம்மிச்சி கடலக்காய் உரிச்சுட்டே "என்ன கண்ணு எழுதற, படி கேக்கலாம்"னாங்க, படிச்சேன். "காடுங்கற, அப்புறம் ஆளில்லீங்கற. ஆளில்லாம எப்புடிக் காடாகும்?"

நம்மூர்ல காடுன்னா வெள்ளாம பூமிதான? மாடு மேயற கொறங்காட்டுக்கே சுத்தியும் கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம்னு எல்லாமே மனுசன் கைபட்டு வந்தது.

அப்பதான் உறைச்சுது, அவர் சொல்றது காடே இல்ல, பைபிள்ல வர்ற வனாந்தரம். அதே பத்தில மோசே ஏறுன பிஸ்கா மலை வேற வருது. எகிப்துல இருந்து கெளம்பி வனாந்தரம் கடந்து போன ஜனம் மாதிரி நாங்களும் கடவுளே கூட்டிட்டு வந்த ஜனம்ங்கற பெருமைய அந்த ஒத்தச் சொல்லுக்குள்ள வெச்சுட்டார். நம்ம கொங்கு மண்டல சதகத்துல பாட்டுக்குப் பாட்டு கடைசில 'கொங்கு மண்டலமே'ன்னு பெருமை வெளிப்படையா வந்து நிக்கும், இங்க அப்படி இல்ல, சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது.

ஆனா அவங்க குடியேறுன எடம் நெசமாவே நம்ம அர்த்தத்துல காடுதான். பட்டுக்ஸெட்னு ஒரு ஊரு, அங்க ஜனங்க மக்காச்சோளம் போட்டுட்டு இருந்தாங்க, 1616க்கு அப்புறம் வந்த கொள்ளைநோய்ல கிட்டத்தட்ட ஊரே அழிஞ்சுபோச்சு. திருத்தி வெச்ச நெலம் அப்படியே கெடந்துது. பேரும் அதுக்கு முந்தியே போயிருச்சு. கேப்டன் ஜான் ஸ்மித் 1616லயே அந்தக் கரை மொத்தத்தையும் நியூ இங்கிலாந்துன்னு சொல்லி புக்கு போட்டு, ஊருங்களோட பழைய பேரை மாத்தித் தரச்சொல்லி இளவரசர் சார்லஸ்கிட்ட மேப்பக் குடுத்துட்டார், பிளிமத்துங்கற பேரு இவங்க கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே அந்த மேப்புல இருக்கு. எனக்கு இது ரொம்ப வலிச்சுது, ஏன்னா இங்க 'வலசு'ன்னு முடியற ஊருப் பேரெல்லாம் நாங்க வேற எடத்துல இருந்து வந்தவங்கன்னு தானே சொல்லிக்குது.

'வனாந்தரம்'னு மாத்திட்டேன். அடுத்து, கப்பல்ல வந்தவங்களுக்கு சோளம் கெடைச்சதச் சொல்ற பத்தி. மணல்ல பொதச்சு வெச்சிருந்த கூடைகள்ல மக்காச்சோளக் கதிர், மஞ்சளும் செவப்பும், சிலது நீலம் கலந்தும். அதை எடுத்துட்டுப் போய் வெதைக்கு வெச்சுக்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஈடு குடுத்தோம்னும் எழுதிருக்கார், ஆனா அந்த வெதை கெடைச்சதுக்கு அவர் போடற வார்த்தை தெய்வச் செயல்.

அம்மிச்சி உரிக்கறத நிறுத்திட்டாங்க. "சாமி குடுத்துச்சாமா? குழி வெட்டிப் பொதச்சவ பேர எழுதலியா?"

"எழுதலீங் அம்மிச்சி."