மொட்டைமாடிக்கு வரும் பூச்சிகளும் அவற்றின் நேரமும்

ஆடிப்பட்டத்தில் போட்ட பாகல், பீர்க்கு, சுரை மூன்றும் பந்தல் ஏறிவிட்டன. பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுதான் சுண்டுவிரல் நீளம்கூட வராமல் மஞ்சளாகிக் கொட்டியது. உரம் போதாது என்றார்கள் ஆளாளுக்கு. உதிர்ந்ததை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே புழு இல்லை, தோலில் பழ ஈ குத்திய தடமும் இல்லை. அப்படியென்றால் மகரந்தம் சேரவில்லை. குரோம்பேட்டையில் மூன்றாவது மாடி, சுற்றிலும் சின்டெக்ஸ் தொட்டியும் ஏசி பெட்டியும். தேனீ எதை நம்பி இவ்வளவு உயரம் வரும்?

ஆவணியில் காய்ச்செடிகளுக்கு நடுநடுவே பூச்செடி வைத்தேன். டேபிள் ரோஸ், செண்டுமல்லி, திருநீற்றுப்பச்சிலை. துளசிக் கதிரைக் கிள்ளுவதை நிறுத்தினேன். கொத்தமல்லியில் ஒரு தொட்டியை அறுக்காமல் பூக்க விட்டேன். கண்ணுக்கு அழகான அடுக்குச் செண்டுமல்லியை ஒரு பூச்சியும் சீண்டவில்லை. திருநீற்றுப்பச்சிலையில்தான் கூட்டம். முதலில் கொசுத்தேனீ, பிறகு கொம்புத்தேனீ. கீழ்வீட்டு அக்கா மாடிக்குத் துணி காயப்போட வந்தவர், "என்ன தம்பி, தேன்கூடு வளர்க்குறீங்களா? கொழந்தைங்க வர்ற இடம்" என்றார். கொசுத்தேனீக்குக் கொட்டவே தெரியாது, மற்றதும் பூவில் இருக்கும்போது நம்மைத் திரும்பிப் பார்க்காது என்று காட்டிய பிறகு சமாதானம். இப்போது அவரும் ஒரு திருநீற்றுப்பச்சிலைத் தொட்டி வைத்திருக்கிறார்.

பாகல் காய்க்கத் தொடங்கியது. பீர்க்கும் சுரையும் மட்டும் முன்போலவே பிஞ்சை உதிர்த்தன. காரணம் நேரம். பாகலும் பூசணியும் விடிகாலையில் விரியும். பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது விரியும், தேனீக்கள் கூடு திரும்புகிற நேரம். 'பூச்செடி வை, தேனீ வரும்' என்ற அறிவுரை பாதிக் கொடிகளுக்குத்தான் பொருந்தும். சுரையின் வெள்ளைப் பூவுக்கு இரவில் வரும் அந்துப்பூச்சி வேண்டும். பந்தலடியில் அந்திமந்தாரை நட்டு, மாடி ட்யூப்லைட்டை அணைத்தேன். அந்திமந்தாரை பூக்கும்வரை கைவேலைதான்: சாயங்காலம் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவது.

புரட்டாசியில் ஒரு நாள் இரவு அந்துப்பூச்சி வந்தது. கட்டைவிரல் பருமன் உடம்பு. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி, சுருட்டி வைத்திருந்த நீளக் குழலை அந்திமந்தாரைக்குள் விட்டது. இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை, காற்று மட்டும் முகத்தில் பட்டது. அங்கிருந்து சுரைப்பூ, மறுபடி அந்திமந்தாரை. அந்த வாரத்துச் சுரைப் பிஞ்சுகளில் நான் தொடாதவையும் நின்றன.

இதனால் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதையும் மாற்ற வேண்டியதாயிற்று. தேனீக்குப் பாதகமில்லாமல் சாயங்காலம் அடி என்பது வழக்கம். என் பந்தலில் சாயங்காலம்தான் பூவே விரிகிறது! கொடிகளுக்கு அடிப்பதே இல்லை இப்போது, அசுவினி வந்தால் விரலால் நசுக்கிவிடுகிறேன்.

கத்தரி கதை வேறு. ஒரே பூவில் ஆண், பெண் பாகம் இரண்டும் இருந்தாலும் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், உலுக்கினால்தான் கொட்டும். தேன் கூடு கட்டும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் பூவைக் கட்டிப் பிடித்து 'ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும். தக்காளிக்கும் இதே உலுக்கல் உதவும். (சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்வதற்கு மட்டும் பூச்சியைக் குறை சொல்லாதீர்கள், அது சூடு.) கருவண்டுக்காக, பழைய பந்தல் மூங்கிலைத் துண்டுபோட்டு மழை படாத கைப்பிடிச்சுவர் ஓரம் கட்டினேன். ஒரு துண்டில் விரல் நுழையும் அளவு வட்ட ஓட்டை, கீழே தரையில் பொடிப்பொடியாய் மரத்தூள். குடிவந்தாயிற்று.

தண்ணீருக்கு மண் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையாயிற்றே, தினமும் கொட்டி மாற்றாவிட்டால் கொசுத்தேனீக்குப் பதில் கொசுதான்.

ஐப்பசி அடைமழையில் எதுவும் பறப்பதில்லை. மழை விட்ட இடைவெளிகளில் மறுபடி கையால்தான். தைப்பட்டத்துக்குப் புடலை போடலாம் என்றிருக்கிறேன். அதுவும் இருட்டினால் விரியும் சாதி என்பதால், அந்திமந்தாரை விதையை இப்போதே பொறுக்கி வைத்தாயிற்று.