பள்ளிக்கூட அரங்கமா இது? நியூ காசிலில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

நேற்று இரவுதான் ஒரு பள்ளிக் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்தேன், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நியூ காசில் என்று ஒரு ஊர். மக்கள்தொகை 20,000 கூட இல்லை. அந்த ஊர்ப் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தமான ஃபீல்டுஹவுஸ் என்ற உள்ளரங்கம் 1959-ல் திறந்தபோது 9,325 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட ஊரில் பாதி! உலகத்திலேயே பெரிய உயர்நிலைப் பள்ளி அரங்கம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். பார்த்தபின் நானும் அதையேதான் சொல்லுவேன்.

எப்படிப் போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இண்டியானாபொலிஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். எனக்குத் தோதான பஸ் எதுவும் கிடைக்கவில்லை. 80 டாலருக்குப் பேசி ஒரு காரில் ஏறினேன். அரங்க வாசலில் நிறுத்திவிட்டு, திரும்பும்போது காலியாகப் போகவேண்டும், 110 கொடு என்றார் ஓட்டுநர். காலியாகத் திரும்புவது ஏறும்போதே அவருக்குத் தெரியாதா? பேசிய காசு பேசிய காசுதான். கடைசியில் 95-ல் முடிந்தது. நம் கணக்குக்கு எட்டாயிரம் ரூபாய் தாண்டிவிட்டது, வயிறு எரிந்தது. இரண்டு பேராகப் போனால் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அதுதான் மலிவு.

அந்த எரிச்சல் உள்ளே நுழைந்ததும் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் உயரமில்லாத, சாதாரணக் கட்டடம். கதவைத் திறந்தால் நீங்கள் நிற்பது மேல்படி. ஆடுகளம் கீழே, பள்ளத்தில், கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் தெரிகிறது. நாலு பக்கமும் இருக்கைகள் இறங்கிப் போகின்றன. எங்கே உட்கார்ந்தாலும் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்கிறது. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாகப் பச்சைச் சட்டையில் வந்திருந்தார்கள். பச்சையும் வெள்ளையும்தான் பள்ளியின் நிறம்.

இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள்? இண்டியானாவில் மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி 1911-ல் தொடங்கியது. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே இல்லாமல் எல்லோரும் ஒரே கோப்பைக்கு மோதினார்கள். 1954-ல் மிலன் என்ற குக்கிராமத்துப் பள்ளி மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. மாநிலமே பைத்தியமாகிவிட்டது. முதல் சுற்று ஆட்டங்களை நடத்தும் வாய்ப்பு பெரிய அரங்கம் வைத்திருக்கும் ஊருக்குத்தான் கிடைக்கும். டிக்கெட் வருமானமும் உண்டு, சொந்தத் தரையில் ஆடும் பலமும் உண்டு. அதனால் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டினார்கள். நியூ காசில் அப்போது கார்த் தொழிற்சாலை ஊர், கிரைஸ்லர் ஆலையில் வேலைக்குக் குறைவில்லை.

இந்தத் தரையில் ஆடி வளர்ந்தவர்கள்தான் கென்ட் பென்சனும் ஸ்டீவ் ஆல்ஃபர்டும். தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 1977 வீரர் தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது பென்சனைத்தான். ஆல்ஃபர்டு 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். பள்ளிப் பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய அப்பாவேதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது! ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கடையில் டெண்டர்லாயின் சாண்ட்விச் சாப்பிட்டேன். பன்றி இறைச்சியை மெலிதாகத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து பன்னில் வைக்கிறார்கள். கறி பன்னுக்கு வெளியே நாலு புறமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் ஒரு துண்டு சுகர் கிரீம் பை, பாலாடையும் சர்க்கரையும் சேர்ந்த இண்டியானா இனிப்பு. இரண்டும் சேர்த்து அந்த ஓட்டுநர் கூடுதலாக வாங்கிய காசுக்குள் அடங்கிவிட்டது. இந்தப் பயணத்தில் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான்.

அரங்கம் நிரம்பவில்லை, அதையும் சொல்லவேண்டும். 1997-98 பருவத்திலிருந்து பள்ளிகளை அளவு வாரியாக நாலு பிரிவாக்கிவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படவில்லை. பெரிய ஊரைச் சின்ன ஊர் மோதிப் பார்க்கும் அந்த ஒற்றைக் கோப்பையை நம்பித்தானே இத்தனை இருக்கைகள் போட்டார்கள்? நியூ காசில் 2006-ல் தன் பிரிவில் பட்டம் வென்றது உண்மைதான். ஆனால் 1932-ல் எல்லாப் பள்ளிகளையும் தாண்டி வாங்கிய கோப்பையின் மதிப்பே வேறு. கிரைஸ்லர் ஆலையும் இப்போது இல்லை. பக்கத்து ஆண்டர்சன் நகரில் ஏறக்குறைய 9,000 பேர் உட்காரும் விக்வாம் அரங்கத்தைப் பராமரிக்கப் பணமில்லாமல் பள்ளி நிர்வாகம் 2011-ல் மூடிவிட்டது. நியூ காசில்காரர்கள் இன்றும் தங்கள் அரங்கத்தில் கைப்பந்தும் கூடைப்பந்தும் நடத்துகிறார்கள், பட்டமளிப்பு விழாவும் அங்கேதான். தரை பளபளவென்று இருக்கிறது.

போகிறவர்கள் குளிர்காலத்தில் போங்கள். ஆட்டம் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அப்புறம், பக்கத்திலேயே இண்டியானா கூடைப்பந்துப் புகழ்க்கூடம் (பெயர்பெற்ற வீரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம்) இருக்கிறது, 1990-ல் இங்கே திறந்தது. பகலிலேயே போய் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இரவு ஆட்டத்துக்கு நுழையுங்கள். திரும்பும் வண்டிக்கு மட்டும் ஏறுவதற்கு முன்பே தொகையை எழுதி வாங்கிவிடுங்கள்.