‘டைம்’ சொல்ல அவசரம் வேண்டாம்

ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம், பந்தை வேகமாக வீசும் வகை) பந்து பிட்சர் (பந்து வீசுபவர்) கைக்கு வந்ததுமே இரு கைகளையும் உயர்த்தி ‘டைம்’ சொல்லி, அதாவது ஆட்டத்தை நிறுத்திவிடும் அம்பயர்கள் உண்டு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஃபீல்டிங் அணிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு அவுட் அதில் பறிபோகலாம்.

பிட்சர் நின்று வீசும் பிட்சிங் பலகையைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும். பந்தோடு பிட்சர் அதற்குள் இருக்கிறார், அடித்தவர் முதல் பேஸை (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) தொட்டுவிட்டார் அல்லது அவுட் ஆகிவிட்டார் என்றால் லுக்-பேக் விதி அமலுக்கு வரும். பேஸை விட்டு வெளியே இருக்கும் ரன்னர் (பேஸ்களுக்கு இடையே ஓடுபவர்) ஒருமுறை நிற்கலாம். நின்ற கையோடு முன்னே ஓட வேண்டும், அல்லது பேஸுக்குத் திரும்ப வேண்டும். தயங்கினால் அவுட். பிட்சர் ஒரு ரன்னரை மடக்கப் பந்தை எறிந்தாலோ, எறிவதுபோல் கையை ஓங்கினாலோ அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும். அதனால் உங்கள் கண் பிட்சர் மேலும் ரன்னர் மேலும் ஒருசேர இருக்க வேண்டும். இடையில் ‘டைம்’ சொன்னால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பேஸ்களுக்கு நடுவே தயங்கிய ரன்னர் தப்பிவிடுவார்.

கோச் கேட்டார் என்பதற்காகவும் உடனே கொடுக்காதீர்கள். பந்து எங்கே, முன்னால் ஓடுபவர் நின்றுவிட்டாரா, பின்னால் வருபவர்கள் பேஸில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். காயத்துக்கும் இதே முறைதான், ஆனால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. ஹோம் பிளேட்டை (அடிப்பவர் அருகே தரையில் இருக்கும் தட்டு) துடைக்கப் போகிறீர்களா? முதலில் ‘டைம்’, பிறகு துடைப்பம்.

ஃபீல்டர் ரன்னரை மறித்தால் பதற்றத்தில் இரு கையும் மேலே போய்விடும். இது அடிக்கடி நடக்கும் தவறு. இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுங்கள், ஆட்டம் ஓடட்டும். மறிக்கப்பட்ட ரன்னர், தடையில்லாமல் எட்டியிருக்கக்கூடிய பேஸுக்கு முன்பே அவுட் ஆக்கப்பட்டால் அப்போது நிறுத்தலாம்.

ரன்னர் பேஸைத் தொடாமல் போனதாக முறையிட ஃபீல்டிங் அணி ‘டைம்’ கேட்டால், ஓட்டம் அடங்கியதும் தாராளமாகக் கொடுங்கள். அதன்பின் இன்ஃபீல்டர் (பேஸ்கள் இருக்கும் பகுதியில் நிற்கும் ஃபீல்டர்) யாரும், கையில் பந்து இல்லாமலேகூட, அம்பயரிடம் வாயால் சொன்னால் போதும். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பந்தை மெதுவாக வீசும் வகையான ஸ்லோபிட்சில் கதை வேறு. அங்கே உடனடி ஆட்டம் முடிந்ததாகத் தெரிந்தால் அம்பயரே ‘டைம்’ சொல்ல வேண்டும்.