அறிதுயில் நாட்கள்

ஜூன் 5
குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த கொலோனோஸ்கோபியில் ஒன்றுமில்லை. ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு என்றார் டாக்டர். குடலும் மூளையும் பேசிக்கொள்வதில்தான் கோளாறாம். அம்மா விளக்கேற்றினாள். எனக்கு அழுகை வந்தது. காதுகுத்துக்குத் திருச்சி போக ஏழு மணி நேரம். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது.

ஜூன் 9
மாத்திரையில் அடங்கவில்லை, ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிச சிகிச்சை பார்க்கலாம் என்கிறார் டாக்டர். "வசியம் கிசியம்னு எதுக்குடா?" என்றாள் அம்மா. எனக்கும் அதே பயம்தான்.

ஜூன் 14
முதல் நாள். பத்திலிருந்து ஒன்றுவரை மெதுவாக எண்ணினார். தூங்கவே இல்லை. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததுகூடக் கேட்டது. நினைத்திருந்தால் எழுந்து போயிருப்பேன், போகத் தோன்றவில்லை. உள்ளங்கையை வயிற்றில் வைத்து, சூடு உள்ளே இறங்குவதாக நினைக்கச் சொன்னார். தெரிந்த ஆறு எது என்று கேட்டார். காவிரி என்றேன். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறை கண்ணுக்குள் வந்துவிட்டது. வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை, தண்ணீர் அதன்பாட்டுக்குப் போகிறது. குடலும் அப்படிப் போகட்டும் என்றார்.

ஜூன் 15
வயிறு அப்படியேதான்.

ஜூன் 21
மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் 1984-இல் செய்த ஆய்வைப் படித்தேன். எந்த மருந்துக்கும் கேட்காத 30 பேர். பாதிப் பேருக்கு ஹிப்னோதெரபி, மீதிப் பேருக்குப் பேச்சு சிகிச்சையும் வெற்று மாத்திரையும். ஹிப்னோதெரபி எடுத்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். அந்த 30 பேரும் பஸ் ஏறப் பயந்திருப்பார்களா?

ஜூன் 28
ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் அறிதுயில் என்று ஒரு சொல். ரங்கநாதர் படுத்திருப்பதும் அறிதுயில்தானே. தூங்குவதுபோல் கிடந்தாலும் எல்லாம் தெரியும். தண்ணீர் லாரி கேட்டதே, அதுதான். அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் டாக்டர் தந்த பயிற்சி ஒலிப்பதிவைப் போட்டுப் படுத்தபோது, அவளே போய் டிவியை அணைத்தாள்.

ஜூலை 2
மீட்டிங்கிலிருந்து இரண்டு தடவை எழுந்து ஓடினேன். மூன்று நாளாகப் பயிற்சி செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். செய்திருக்க வேண்டும்.

ஜூலை 6
ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். பஸ்ஸில்தான் போட்டேன். பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு மாமன் அவளுக்கு இல்லை.

ஜூலை 10
இன்று ஒரு முறைதான். நேற்றும் ஒரு முறைதான்.

ஜூலை 11, இரவு
மேல்மருவத்தூர் தாண்டியாயிற்று. விக்கிரவாண்டியில் நிறுத்துவார்களாம். கண்டக்டரிடம் கேட்டுவைத்தேன். கை வயிற்றின்மேல்தான் இருக்கிறது. சூடு தெரிகிறது.