பலகை ஓரத்தில் "பேசியவர்கள்"

2025 ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. குடியாத்தத்திலிருந்து பரதராமி போகிற பக்கம் எங்கள் பள்ளி, நான் இந்த வருடம் நாலாம் வகுப்பு டீச்சர், 27 பேர். ஐந்தாம் வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் கிடையாது, இரண்டு பீரோதான். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, வேலூர் வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. காலையில் ஆப்பில் வருகைப் பதிவு ஏற்ற நான் சிக்னல் தேடி ஜன்னலோரம் போய் நின்றால் போதும், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. அதனால் நான் படித்த காலத்தில் செய்ததையே செய்தேன். ஒரு பையனை லீடர் ஆக்கி, கையில் சாக்பீஸ் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். பலகையின் வலது ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்பு, கீழே ஒரு கோடு, திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நம்மில் இந்தப் பட்டியலில் ஏறாதவர் யார்?

பத்து நிமிடம் நல்ல அமைதி.

ஜூன் 11, புதன்

லீடரின் சட்டைப் பையில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்த் துண்டு. விசாரித்தால், ஒரு துண்டுக்கு ஒரு பெருக்கல் குறி அழிக்கப்படுமாம், முழுப் பெயரும் அழிய வேண்டும் என்றால் புது ரப்பர். மூன்றே நாளில் இவ்வளவு நிர்வாகத் திறமை!

ஜூன் 17, செவ்வாய்

இன்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

தினமும் பட்டியலில் முதல் பெயர் ஒரே பையனுடையது, நாலைந்து பெருக்கல் குறியோடு. கூப்பிட்டுக் கண்டித்தேன், பாய் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை, மாற்றிய பாயிலிருந்தும் பழைய இடத்துக்கே நகர்ந்து போய்விடுவான். இன்று கடன் வாங்கிக் கழித்தல் நடத்தும்போது பின்னால் போய் நின்று காது கொடுத்தேன். பக்கத்தில் இருக்கும் புதுப் பெண்ணிடம் "அப்பு தீஸ்கோ, அப்பு தீஸ்கோ" என்று கிசுகிசுக்கிறான். அவள் சித்தூர் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், தமிழ் இன்னும் பிடிபடவில்லை. இவன் வீட்டில் தெலுங்கு, "அப்பு தீஸ்கோ" என்றால் கடன் வாங்கிக்கோ. நான் சொல்வதை இரண்டு வாரமாக வரிக்கு வரி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், அதற்குத்தான் அத்தனை பெருக்கல் குறியும். "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றால், "நீங்க கேக்கல மிஸ், இன்னா பேசினேன்னு" என்கிறான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன என்று பயிற்சிகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பலகை ஓரம் அந்தக் கணக்கில் வருமா என்று யோசித்ததே இல்லை.

மதியமே தலைப்பை அழித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அழித்த மறுநாளே அமைதி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் "உதவியவர்கள்" என்று பட்டியல் போடுங்களேன் என்றார், போட்டேன், பாட்டிலைத் தானே தட்டிவிட்டுத் தானே துடைத்துப் பெயர் வாங்க ஆரம்பித்தார்கள். அதையும் அழித்தாயிற்று.

அப்புறம்தான் பட்டது, சத்தம் எல்லாம் நான் ஆப்போடு மல்லாடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அவர்களுக்கு அப்போது வேலையே இல்லை. இப்போது காலை உணவு முடிந்து வருவதற்குள் பலகையில் ஒரு கணக்கும் பாதியில் நிற்கும் ஒரு கதை வரியும் எழுதி வைத்துவிடுகிறேன், உள்ளே வந்ததும் அதைத் தொடங்க வேண்டும், யாரும் சொல்லத் தேவையில்லை. பாய் விரிக்க இரண்டு பேர், தண்ணீர்க் குடத்துக்கு இரண்டு பேர், வாரம் ஒருமுறை மாறும். லீடர் பதவி போனதில் பையன் முகம் தொங்கிவிட்டது, தலை எண்ணி வராதவர்கள் பெயரை என்னிடம் சொல்லும் வேலை கொடுத்தேன், மாங்காய் வருமானம் இல்லாவிட்டாலும் செய்கிறான். கவனம் வேண்டும் என்றால் நான் இரண்டு தட்டு, அவர்கள் மூன்று தட்டு. கத்திக் கத்தித் தொண்டை கட்டுவது நின்றிருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இனி வாய்விட்டே சொல்ல அனுமதி, அதில் எனக்கும் கொஞ்சம் தெலுங்கு வருகிறது.

ஜூலை 14, திங்கள்

'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றித்தான் ஆசிரியர் குரூப் முழுக்கப் பேச்சு. கடைசி பெஞ்ச் என்பதே இருக்காது, நல்லதுதான். பெஞ்சே இல்லாத நானும் பாய்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் இரண்டு பக்கச் சிறகிலும் இருப்பவர்கள் பலகைக்காகக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்கிறார்கள். கதைக்கும் பேச்சுக்கும் 'ப', கணக்குக்குப் பழையபடி என்று வைத்துக்கொண்டேன்.

மதியம் ஸ்கேல் வாங்கப் பீரோவைத் தாண்டி ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். அங்கே "பேசியவர்கள்" இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு வரி: "நாலாம் வகுப்பு", பக்கத்தில் ஆறு பெருக்கல் குறி.